ஜெய்சல்மேரில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இது: "டிசம்பர் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து நான்கு நாள் ஜெய்சல்மேர் போகிறோம். பத்து வயது மகளும் வருகிறாள், அவளுக்குத்தான் பறவைப் பைத்தியம். பாலைவன ஊரில் பார்க்கும்படி பறவை இருக்குமா? அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் (Great Indian Bustard) கண்ணில் படுமா? சாம் மணல்மேட்டில் கூடாரத்தில் தங்கினால் போதுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. பறவைக்காகப் போவதென்றால் சாமில் தங்கவே வேண்டாம் என்பேன். ராத்திரி பதினொரு மணி வரை பாட்டும் விளக்கும், விடிந்தால் மணலில் ஜீப் ஓட்டம். அதை விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம், தப்பில்லை. ஆனால் வெறும் மணல்மேட்டில் பறவைக்கு என்ன இருக்கிறது? விதை இல்லை, பூச்சி குறைவு, ஒதுங்க நிழல் இல்லை. தார்ப் பாலைவனத்தில் பெரும்பகுதி மணல்மேடே அல்ல. புல்வெளி, கல்தரை, புதர்க்காடு, நடுநடுவே கம்பு விதைத்த நிலம், இவைதான் அதிகம். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல ஆண்டு. அந்த மழையில் முளைக்கும் செவண் என்கிற புல்தான் அங்கே எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஆடு மாடு அதைத் தின்கிறது, வெட்டுக்கிளியும் வண்டும் அதில் வளர்கின்றன, வானம்பாடி அதன் அடியில் கூடு வைக்கிறது. ஜெய்சல்மேரில் பறவை தேட வேண்டிய இடங்கள் மூன்றே: புல், தண்ணீர், செத்த மாடு. மூன்றாவதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஊரிலேயே தங்குங்கள். ஒரு நாள் காலை எங்கும் வண்டி எடுக்க வேண்டாம், கடிசர் குளத்துக்கு நடந்து போனால் போதும். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பு ஊர் முழுக்க இந்தக் குளத்தை நம்பித்தான் இருந்தது. இப்போது படகு விடுகிறார்கள், அதனால் படகுக்காரர்கள் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும். தட்டைவாயன் வாத்து, நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான், நீர்க்காகம் எல்லாம் சாதாரணமாகத் தெரியும். இவற்றைச் சூலூர்க் குளத்திலும் உக்கடத்திலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் கரையோரப் புதரில் ஒரு கொண்டைக்குருவி வந்து உட்காரும், கன்னத்தில் பெரிய வெள்ளைத் திட்டும் வாலடியில் மஞ்சளுமாக. வெள்ளைக்காதுக் கொண்டைக்குருவி. நம் பக்கம் அது கிடையாது. அங்கே கடை வாசல் வரைக்கும் வரும், பயமே இல்லை. ஊருக்குள்ளேயே மகளுக்குக் கிடைக்கும் புதுப் பறவை அனேகமாக அதுவாகத்தான் இருக்கும். கோட்டைச் சுவரை ஒட்டிப் பறக்கும் சாம்பல் நிறத் தகைவிலானையும் கவனிக்கச் சொல்லுங்கள். பொன்னிறக் கல்லும் பொந்தும் நிறைந்த அந்தச் சுவர் அதற்கு ஒரு மலைச்சரிவு மாதிரிதான்.

நேரத்தைப் பற்றி ஒன்று. நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழே கால், ஏழரை ஆகிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கே பிள்ளையை எழுப்பிக் குளிரில் நிறுத்தாதீர்கள். ராத்திரி வெப்பம் ஐந்து டிகிரிக்குக் கீழேயும் இறங்கும், பகலில் இருபத்தைந்தைத் தொடும். காலை எட்டிலிருந்து பத்தரை வரைக்கும்தான் நல்ல நேரம். அதற்குப் பிறகு, குளிர்காலத்திலும்கூட, தரை சூடேறிக் கானல் ஆடத் தொடங்கிவிடும். தொலைவில் நிற்பது கானமயிலா கழுதையா என்று எவ்வளவு விலையுள்ள லென்ஸிலும் தெரியாது. மத்தியானத்தைக் கோட்டைக்கும் ஹவேலிகள் என்கிற பழைய மாளிகைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம்.

இனி கானமயில். பாலைவனத் தேசியப் பூங்கா 1980-ல் அறிவிக்கப்பட்டது. 3,162 சதுர கிலோமீட்டர், ஜெய்சல்மேர், பார்மேர் இரண்டு மாவட்டத்திலும் விரிந்து கிடக்கிறது. பூங்கா என்றதும் முதுமலையை நினைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே கிராமங்கள் இருக்கின்றன, ஆடு மேய்கிறது, பேருந்து ஓடுகிறது. அதற்குள் வேலியடைத்துக் காக்கும் இடங்களில் ஒன்று சுதாசரி. ஜெய்சல்மேரிலிருந்து காலையில் கிளம்பினால் விடியும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். வனத்துறை அனுமதி வேண்டும், அதை முந்தின நாளே ஊரிலுள்ள அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். தங்கும் விடுதியில் கேட்டாலும் ஏற்பாடு செய்து தருவார்கள்.

கண்ணில் படுமா என்றால், படலாம். உலகம் முழுக்க இந்தப் பறவை 150-க்கும் குறைவாகவே இருப்பதாகக் கணக்கு. அதில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரு மாவட்டத்தில்தான் இருக்கிறது. எனவே உலகத்திலேயே வாய்ப்பு அதிகமுள்ள இடத்துக்குத்தான் போகிறீர்கள். அதே சமயம், பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஒரு மீட்டர் உயரப் பறவை, ஆண் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், அவ்வளவு பெரியதை எப்படித் தவறவிட முடியும் என்று தோன்றும். புல் நிறத்தில் முதுகு, நின்றால் அசையாது, குனிந்தால் மறைந்துவிடும். வெள்ளைக் கழுத்தும் கருப்புத் தொப்பியும் புல்லுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதுதான் அடையாளம். பாதையை விட்டு வண்டியை இறக்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்துகிற சுற்றுலாக்காரர்கள் உண்டு. கூடுதல் காசு கொடுத்தால் சிலர் இறக்கவும் செய்வார்கள். அதை நீங்கள் செய்யாதீர்கள். பெட்டை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறும் தரையில். கூடு வைப்பது கோடையும் மழைக்காலமும்தான், டிசம்பரில் முட்டை இருக்காது என்பது உண்மை. ஆனால் துரத்தப்பட்ட பறவை எழும்பிப் பறக்கும், பறந்தால் அங்கே இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது.

அது மின்கம்பி. ஜெய்சல்மேரை நெருங்கும்போதே காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் அடிவானம் வரை தெரியும். அந்த மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் கம்பிகள் சரியாகக் கானமயிலின் நிலத்துக்கு மேலேதான் போகின்றன. இந்தப் பறவைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்தில், சுற்றிலும் நரியோ நாயோ வருகிறதா என்று பார்ப்பதற்கு வசதியாக. நேர் எதிரே பார்வை மங்கல். உடம்போ கனம். கம்பி கிட்டத்தில் தெரிந்தபின் சட்டென்று திரும்ப முடியாது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முக்கியமான வாழிடங்களில் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. அவ்வளவு பெரிய பரப்பில் அது நடைமுறைக்கு ஒத்து வராது என்று அரசும் மின் நிறுவனங்களும் வாதாட, 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி ஒரு நிபுணர் குழுவை அமைத்தார்கள். நிலக்கரிக்கு மாற்று வேண்டும் என்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் எந்த வழியாகக் கம்பி இழுப்பது என்பதை முதலிலேயே யோசித்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. நீங்கள் போகும் வழியில் சில கம்பிகளில் வட்ட வட்டமாகத் தகடுகள் தொங்கும். பறவைக்குக் கம்பி இருப்பதைக் காட்டத்தான் அவை. மகள் கேட்டால் சொல்லுங்கள், பத்து வயதுக்குப் புரியும்.

இன்னொரு பக்கம், காட்டிலிருந்து முட்டைகளை எடுத்து வந்து சாமில் 2019 முதல் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். ராம்தேவ்ராவிலும் ஒரு மையம் இருக்கிறது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பிறந்தது. இந்த மையங்களைச் சுற்றுலாவாகப் பார்க்க முடியாது, முயல வேண்டாம். ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து தமிழ்நாட்டு வறண்ட புல்வெளிகள் வரைக்கும் இருந்த பறவை, இன்று ஒரு மாவட்டத்தையும் சில கூண்டுகளையும் நம்பி நிற்கிறது.

கானமயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சுற்றியிருப்பதைப் பார்க்காமல் விட்டால் அதுதான் பெரிய நஷ்டம். எருக்கஞ்செடி உச்சியிலோ முள்வேலியிலோ சிறு புதர்ச்சிட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். ஸ்டோலிக்ஸ்கா புதர்ச்சிட்டு என்று பெயர், வெள்ளைப் புருவம். மேற்கு இந்தியாவிலும் அதை ஒட்டிய பாகிஸ்தான் பகுதியிலும்தான் இருக்கிறது. இரை தேடும்போது மார்பைப் பஞ்சு மாதிரி உப்பிக்கொண்டு உடம்பை இடதும் வலதுமாக உருட்டும் ஒரு வினோதப் பழக்கம் அதற்கு. ஏன் என்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. வெளிநாட்டிலிருந்து இதை மட்டும் பார்க்க விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள், நம் ஆட்கள் சிட்டு என்று கடந்து போய்விடுகிறார்கள்.

வெறும் கல்தரையில் மணல் நிறத்தில் ஏதோ கிடுகிடுவென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடினால் அது கோர்சர். கண்ணிலிருந்து பின்னந்தலைக்குக் கருப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கும். நின்றால் தெரியாது, ஓடினால்தான் தெரியும், ஆகவே பொறுமையாகத் தரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வானம்பாடிகளில் பல வகை உண்டு. வளைந்த நீள மூக்குள்ள கொண்டலாத்தி வானம்பாடிதான் அங்கே ராஜா. ஓடும்போது நிறமற்ற பறவை, இறக்கையை விரித்த கணத்தில் கருப்பு வெள்ளைப் பட்டை பளிச்சென்று வரும். மற்ற வானம்பாடிகளைப் பிரித்து அறிவது பெரியவர்களுக்கே தலைவலி. ஆரம்பத்தில் அதில் இறங்க வேண்டாம்.

கல்கௌதாரியைப் பார்க்கத் தண்ணீர்தான் வழி. விதை தின்னும் பறவை என்பதால் தினமும் குடித்தாக வேண்டும். காலை வெயில் கொஞ்சம் ஏறியபின், எட்டரை ஒன்பது மணி வாக்கில், கூட்டமாகக் கத்திக்கொண்டே வந்து இறங்கும். ஐந்து பத்து விநாடி குடிக்கும், உடனே பறந்துவிடும். கிராமத்துக் குட்டையோ மாட்டுத் தொட்டியோ எங்கே இருக்கிறது என்று முந்தின நாள் ஆடு மேய்ப்பவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, எட்டு மணிக்கே சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிட வேண்டும். அவை எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதைக் காதால்தான் முதலில் அறிவீர்கள். குஞ்சு உள்ள காலத்தில் ஆண் பறவை வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து, அந்த ஈரத்தைச் சுமந்து போய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். செம்பழுப்பு வயிற்றுக் கல்கௌதாரி தமிழ்நாட்டிலும் உண்டு. அங்கே குளிர்காலத்தில் அதோடு புள்ளிக் கல்கௌதாரியும் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கருவயிற்றுக் கல்கௌதாரியும்.

வன்னி மரத்தைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கிற அதே வன்னிதான், அங்கே கேஜ்ரி என்பார்கள், ராஜஸ்தானின் மாநில மரம். ஊர்க்காரர்கள் கோயிலுக்கென்று விட்டுவைத்த ஓரன் என்னும் காடுகளில் பெரிய வன்னிகள் இருக்கின்றன. அங்கே கிளை வெட்டக் கூடாது என்பது பரம்பரைக் கட்டுப்பாடு. பட்டைக் கழுகு, கீச்சான், தவிட்டுக்குருவி, பொந்தில் சிறு ஆந்தை என்று ஒரே மரத்தில் அரைமணி நேரம் போய்விடும். ஓரனுக்குள் செருப்புக் காலோடு போகலாமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். சாயங்காலம் சாப்பாட்டில் கேர் சாங்ரி என்கிற கறி வந்தால், அந்தச் சாங்ரி இந்த வன்னியின் காய்தான்.

சரி, செத்த மாடு. கால்நடையை நம்பிய ஊர்களில், ஊருக்கு வெளியே இறந்த மாட்டையும் ஒட்டகத்தையும் போடுவதற்கென்று ஓர் இடம் இருக்கும். டிசம்பரில் அங்கேதான் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள். உள்ளூரின் மஞ்சள்முகப் பாறு, கருங்கழுத்துப் பாறு, இவற்றோடு மத்திய ஆசியாவிலிருந்து வரும் பெரிய யூரேசியப் பாறு, அதைவிடப் பெரிய கருப்புப் பாறு. கூடவே புல்வெளிக் கழுகுகளும் கூட்டமாக. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1990-களில் தொடங்கிச் சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளின் கதையும் இதேதான். அதைப் பார்க்க நீங்கள் தெங்குமரஹடா வரைக்கும் போக வேண்டும், அங்கேயும் தொலைவில் வட்டமிடுவதுதான் தெரியும். இங்கே தரையில் ஐம்பது மீட்டரில் உட்கார்ந்திருக்கும். நாற்றத்துக்கு முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தெருநாய்கள் கூட்டமாக இருக்கும், குழந்தையை வண்டியை விட்டு இறக்கவே வேண்டாம். வண்டிக் கண்ணாடி வழியாகவே நன்றாகத் தெரியும், பறவையும் வண்டிக்கு மிரளாது. உங்களுக்கு இன்னும் நாள் இருந்தால் பிகானேர் பக்கத்து ஜோர்பீரைச் சொல்வேன், இந்த மாதிரி இடங்களில் அதுதான் பெரியது. நான்கு நாளில் அது வேண்டாம், அலைச்சல்.

பத்து வயதுப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், கானமயிலைவிடக் கீச்சன் கிராமம்தான். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே பலோதி ரயில் நிலையம், அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். மங்கோலியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வரும் டெமாய்செல் கொக்குகள், ஊர்க்காரர்கள் வாயில் குர்ஜா, செப்டம்பர் வாக்கிலிருந்து மார்ச் வரை ஆயிரக்கணக்கில் இங்கே தங்குகின்றன. சாம்பல் உடம்பு, கருப்புக் கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளை இறகுக் குஞ்சம், சிவப்புக் கண். ஊரில் வேலி போட்ட ஒரு முற்றத்தில் தினமும் காலையில் தானியம் இறைக்கிறார்கள். 1970-களில் ஜைனக் குடும்பம் ஒன்று புறாவுக்குப் போட்ட தானியத்தில் சில கொக்குகள் வந்து கொத்தியதில் ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். பிறகு ஊரே சேர்ந்துகொண்டது. முதலில் வானத்தில் கோடு கோடாகத் தெரியும், அப்புறம் வட்டமடிக்கும், நாய் கீய் இல்லை என்று உறுதியானபின் ஒன்று இறங்கும், அதன் பின்னால் மற்றதெல்லாம் கொட்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது.

அங்கே முற்றத்தின் பக்கம் நெருங்காமல், பக்கத்து வீட்டு மாடியில் ஏறிப் பார்ப்பதுதான் முறை. கேட்டால் அனுமதிப்பார்கள், டீயும் கொடுப்பார்கள். காசு கொடுக்கப் போனால் தானியத்துக்கு என்று கொடுங்கள், மரியாதையாக இருக்கும். தின்று முடித்ததும் கொக்குகள் ஊர்க் குளங்களான ராத்திரி நாடிக்கும் விஜயசாகருக்கும் போகும். அந்தக் குளங்கள் சேர்ந்த பகுதிக்கு 2025 ஜூனில், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்னும் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. மத்தியானம் குளக்கரையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்குக் காலைக் கூட்டத்தைவிடப் பிடித்தது. தண்ணீர் குடிக்கும், சிறு கல் பொறுக்கி விழுங்கும், ஒன்றோடொன்று சண்டை போடும், துள்ளும்.

இவ்வளவு கொக்கை ஒரே இடத்தில் தீனி போட்டுக் கூட்டலாமா, நோய் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. என் எண்ணம், இந்தியாவில் ஒரு ஊர் தன் பறவையை இவ்வளவு சொந்தமாக நினைக்கிற இடங்கள் கையளவுதான், அதைக் குலைத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்ய முடியாது. கூட்டம் ஒரே முற்றத்தில் நெருக்கியடிக்காமல் தானியத்தைப் பல இடங்களில் பிரித்துப் போடுவது பற்றி யோசிக்கலாம்.

ஜெய்சல்மேருக்கு வடக்கே ராம்கர், மோகன்கர் பக்கம் போனால் இன்னொரு பாலைவனம் தெரியும். பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து வரும் இந்திரா காந்திக் கால்வாய்த் தண்ணீரில் கடுகும் சீரகமும் விளைகின்றன. நாணலும் கசிவுநீர்க் குட்டைகளும் வந்துவிட்டன. அங்கே வாத்தும் கொக்கும் தாராளம். ஆனால் ஒவ்வொரு புதுக் கடுகு வயலும் ஒரு பழைய செவண் புல்வெளிதான். விவசாயிக்கு அந்தத் தண்ணீர் வரம் என்பதில் சந்தேகமில்லை. பறவைக்கணக்குப் பார்த்தால் எங்கும் கிடைக்கிற பறவை பெருகி, வேறெங்கும் கிடைக்காத பறவை குறைகிறது. நேரம் குறைவு என்றால் இந்தப் பக்கத்தை விட்டுவிடலாம். குல்தாரா, காபா என்ற கைவிடப்பட்ட ஊர்ப் பக்கம் ஒரு மாலை போய் வாருங்கள். இடிந்த கல் வீடுகளின் மேல் உட்காரும் வீட்டியர் (wheatear) என்னும் சிறு பறவை வகைகளும், காபா கோட்டையடியில் மயில்களும் அங்கே எளிது.

சாமான் விஷயம். மகளுக்கு 8-க்கு 32 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 32 மில்லிமீட்டர் லென்ஸ்) சிறு தொலைநோக்கி போதும், உங்களுக்கு 8-க்கு 42. பத்து மடங்குக்கு மேல் வேண்டாம், கானலில் அது உருவத்தைத்தான் கலக்கும். தூசி துடைக்கத் தூரிகை எடுத்துக்கொள்ளுங்கள், துணியால் தேய்த்தால் மணல் லென்ஸைக் கீறிவிடும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். எல்லை மாவட்டம், பெரிய லென்ஸோடு சாலையோரம் நின்றாலே விசாரிப்பார்கள், ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள். எல்லையோரத் தனோட் கோயில் பக்கம் போவதென்றால் அன்றைய நிலவரத்தை ஊரில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நாள் பிரிப்பது இப்படி வைக்கலாம்: சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் உண்டு, அங்கே இறங்கி முதல் இரவைப் பலோதியில் போடுங்கள், மறுநாள் காலை கீச்சன். அன்று மாலைக்குள் ஜெய்சல்மேர். மூன்றாம் நாள் முழுக்கச் சுதாசரி. நான்காம் நாள் காலை கடிசர், மாலை காபா. கானமயில் மூன்றாம் நாள் கிடைக்காவிட்டால், நான்காம் நாள் காலை மறுபடி சுதாசரிக்கே போங்கள், கடிசரை மத்தியானத்துக்குத் தள்ளிவிடலாம். அனுமதியை இரண்டு நாளுக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.